அறுபத்திரண்டு செண்டிமீட்டர் பாரம்பரியம்

தன் வீட்டுக்கு இவ்வளவு பெருமை உண்டு என்பது கிளாரி டக்வெல்லுக்கு எழுபத்தொன்பதாவது வயதில்தான் தெரிய வந்தது. அதுவரை அவர் அதை வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சிட்னிக்கு வடக்கே, ரயில் பாதை போட்ட கையோடு முளைத்த புறநகர்களில் ஒன்று ஆல்டர்வுட். அங்கே 1911-ல் கட்டிய வீடு அது. சொரசொரப்பாகப் பூசிய சுவர், நெற்றிவரை இறங்கிய கூரை, சன்னல்களில் ஈயச் சட்டத்துக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிகள். மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ரயில்வே பட்டறையில் சரக்குப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த கிளாரி 1966-ல் அதை வாங்கினார். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்குத் தரகர், "பழைய வீடு" என்றார். ஐம்பது வருஷம் கழித்து வரி ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டதற்கு நகராட்சியும் அதே காரணத்தைத்தான் சொன்னது.

ஜூலைக் குளிரில் ஒரு காலை, துணி உலர்த்தப் போன அவருடைய மனைவி நோலா பின்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே லேசான பக்கவாதமும் வந்து இடது கால் செயலற்றுப் போனது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

"இங்க குடுக்கற சூப்பு, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ கிளாரி."

ஆஸ்பத்திரிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. அங்கிருந்து ஒரு பெண் வந்து வீடு முழுக்க அளந்து பார்த்தாள். முன்வாசலில் ஒரே படி, பலகை போட்டுக்கொள்ளலாம். கட்டிலை முன்னறையில் போடலாம். குளியலறைக் கதவுதான் குறுக்கே நின்றது. அதன் அகலம் அறுபத்திரண்டு செண்டிமீட்டர். சக்கர நாற்காலி போக எண்பது வேண்டும்.

"நிலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சா முடிஞ்சுது. பழைய வீடுங்கறதால நகராட்சி முத்திரை போட்ட கடிதம் வேணும். அதைக் கொண்டு வந்தா அன்னைக்கே அனுப்பிடறோம்" என்றாள் அவள். போகும்போது தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். "படுக்கையைப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல வெச்சிருக்க முடியாது. அதுக்கப்புறம் முதியோர் இல்லந்தான்."

பதினெட்டு செண்டிமீட்டருக்குப் பன்னிரண்டு வாரம் தாராளம் என்று கிளாரி நினைத்தார்.

விண்ணப்பம் போட்ட நான்காவது வாரம், நகராட்சியின் பாரம்பரிய அதிகாரி இமொஜன் கிரிஸ்ப் நேரில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கையுறை, நெற்றியில் விளக்கு, கழுத்தில் பூதக்கண்ணாடி. வாசலிலேயே நின்று காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, இன்னொரு ஜோடியைக் கிளாரியிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்கும்மா? நான் இங்கதான இருக்கேன்."

"அதான் கவலையா இருக்கு" என்றார் இமொஜன்.

கிளாரி தன் வீட்டுக்குள் காலில் பையைக் கட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடந்தார். இமொஜன் சுவரைத் தடவினார், கணப்படுப்பை முகர்ந்தார், கடைசியில் குளியலறைக் கதவுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"கைக்கோடரியால செதுக்கின தடம் பாருங்க. எந்திரமே தொடாத மரம். அந்தக் காலக் கைவினைஞன் மரத்தோட பேசியிருக்கான்."

"இழைப்புளி மொண்ணையா இருந்துது" என்றார் கிளாரி.

"மேல அந்த இதயம்! கதவுல இதயம் வெட்டறது, எந்திரம் வேணாம்னு சொன்ன கைவினை இயக்கத்தோட முத்திரை. இல்லறத்தோட அடையாளம்."

"அது கணு உதிர்ந்த ஓட்டை. சுத்தி அரம் போட்டேன், அப்படி அமைஞ்சுபோச்சு. யாராவது எட்டிப் பாத்துடுவாங்கன்னு நோலா அதுல துணியைத் திணிச்சு வெச்சிருப்பா. அம்மா, இந்தக் கதவைச் செஞ்சதே நான்தான். எழுபத்தொண்ணுல."

இமொஜன் அவரைக் கனிவோடு பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'உரிமையாளரின் நினைவாற்றல் குறித்து எச்சரிக்கை தேவை.'

அறிக்கை அறுபத்து நான்கு பக்கம் வந்தது. வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் தரம் பிரித்திருந்தார்கள். அதி உன்னதம், உயர்வு, நடுத்தரம், சொற்பம், இடையூறு என்று ஐந்து படிகள். குளியலறைக் கதவு அதி உன்னதம். ஒழுகும் கூரை உயர்வு. நோலாவுக்காக முன்னறையில் தயாராகப் போட்டிருந்த கட்டில் இடையூறு. அதன் பக்கத்தில் ஒரு விளக்கம் இருந்தது: 'எனினும் இது மீட்கத்தக்க இடையூறு. கட்டிலையும் அதைப் பயன்படுத்துபவரையும் அகற்றினால் அறை தன் இயல்பு நிலைக்குத் திரும்பும்.'

வீட்டின் பெருமையைச் சொல்லும் பக்கத்தைக் கிளாரி மூன்று முறை படித்தார். 'வீடு என்பது காட்சிப்பொருளன்று. அதில் வாழும் எளிய மனிதரின் தேவைக்கேற்ப வடிவெடுக்க வேண்டியது என்ற உயரிய கொள்கைக்கு ஆல்டர்வுட்டில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று இவ்வீடு. ஆகவே இதில் எந்த மாற்றமும் செய்யலாகாது.' 'ஆகவே' என்ற இடத்தில் ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் நோலா கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"நம்ம வீட்டுல நீ இடையூறாம்."

"ஐம்பது வருஷமா நீ சொல்லாம இருந்ததை அவங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க" என்று நோலா வலி மறந்து சிரித்தாள். கிளாரியும் சிரித்தார். அப்போது ஆறு வாரம் பாக்கியிருந்தது.

அறிக்கையை எதிர்த்து முறையிட ஒரு குழு இருந்தது. ஆல்டர்வுட் பாரம்பரிய ஆலோசனைக் குழு. மாதத்தின் முதல் செவ்வாயன்று நகராட்சி மண்டபத்தில் கூடும். தலைவர் ரோட்ரிக் ஹேவர்ஃபீல்டு ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தொழிலில் இருந்த காலத்தில் எந்தப் பல்லையும் விட்டுவைக்காமல் பிடுங்கியவர் என்று பெயர். அந்தப் பாவத்துக்கோ என்னவோ, இப்போது எதையும் அசைக்க விடுவதில்லை.

போன கூட்டத்தின் குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்ததைப் பற்றி நாற்பது நிமிஷம் விவாதம் நடந்தது. பிறகு தேநீரும் பணியாரமும். எல்லாரும் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டு வந்திருந்தார்கள். கிளாரிக்கு அது தெரியாது. வெறுங்கையோடு வந்தவர் என்று அவரைக் கொஞ்சம் தள்ளியே உட்கார வைத்தார்கள். கடைசியில் அவரை அழைத்து, பேச மூன்று நிமிஷம் என்றார்கள். மேசைமேல் ஒரு வெண்கல மணி இருந்தது.

"என் பேரு கிளாரி டக்வெல். என் மனைவி ஆஸ்பத்திரியில இருக்கா. குளிக்கற அறைக்குள்ள அவ நாற்காலி போகல. அந்தக் கதவு பழசில்லீங்க. நானே செஞ்சது. அதை நானே கொஞ்சம்..."

மணி அடித்தது. அவரை அறிமுகப்படுத்தத் தலைவர் பேசிய இரண்டரை நிமிஷமும் அந்த மூன்றில் சேர்த்தியாம்.

ரோட்ரிக் எழுந்தார். "நண்பர்களே, கிளாரியோட வேதனை எனக்குப் புரியுது. நாங்க ஒண்ணும் கல் நெஞ்சுக்காரங்க இல்ல. கல்லா இருந்தா எங்களையும் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருப்பாங்க." எல்லாரும் சிரித்தார்கள். "ஆனா யோசிச்சுப் பாருங்க. மனுஷங்களுக்கு இடுப்பு உடையும், கால் போகும், வயசாகும். அது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். இந்தக் கதவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

கைதட்டல் எழுந்தது. அருகிலிருந்தவர் தட்டியதால் கிளாரியும் இரண்டு தட்டு தட்டிவிட்டார். அதை நினைத்து வீடு போகும்வரை வெட்கப்பட்டார்.

தெருமுனையில் குடியிருந்த தச்சர் ஸ்டாவ்ரோஸ் விஷயம் தெரிந்ததும் பொங்கிவிட்டார். "பெருசு, ரெண்டு மணி நேர வேலை. சனிக்கிழமை காலையில ரம்பத்தோட வரேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"முத்திரை போட்ட கடிதம் இல்லாம ஆஸ்பத்திரி விடமாட்டாங்க."

"கதவு அகலமா இருக்குதுன்னு காட்டினா?"

"கடிதம் எங்கன்னு கேப்பாங்க. அனுமதி இல்லாம வெட்டினா வீட்டு மேல வழக்குப் போடுவாங்களாம். அப்புறம் அவ எங்க வருவா?"

ஸ்டாவ்ரோஸ் தரையில் துப்பினார். "கிரேக்கத்துல எங்க ஊர்ல மூவாயிரம் வருஷத்துக் கோயில் இருக்கு. ஆடு உள்ள போய் நிழல்ல படுத்துக்கும். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

கதவைத் தான்தான் செய்தோம் என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் கிளாரிக்குச் சந்தேகமே இல்லை. ரயில்வேயில் நாற்பது வருஷம் இருந்தவர். சரியான தாளைச் சரியான மேசையில் வைத்தால் வண்டி நகரும் என்று நம்பியே வாழ்ந்தவர். பழைய பெட்டிகளைக் கிளறி இரண்டு நாளில் ஒரு புகைப்படத்தைக் கண்டுபிடித்தார். பாதி மாட்டிய கதவு. அதன்மேல் சாய்ந்துகொண்டு, கையில் சிகரெட்டோடு, எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் நோலா. பின்பக்கம் அவள் கையெழுத்தில் 'இந்தக் கழுதை மூடவே மாட்டேன் என்கிறது, 1971' என்றிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளாரி வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை.

படம் போதாது என்றார்கள். நகராட்சி ஒரு நிபுணரை அனுப்பியது. அவர் கீல்களைக் கழற்றி, கதவின் விளிம்பைச் சோதித்தார். கீலுக்கு அடியில் ரயில்வேயின் வெள்ளை எழுத்தில் சரக்குப் பெட்டியின் எண் பளிச்சென்று இருந்தது. பட்டறையில் கழித்துப்போட்ட பெட்டியின் தரைப்பலகை அது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பதினோராவது வாரம் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். இந்த முறை கிளாரி ஒரு தட்டில் லாமிங்டன் கேக் வாங்கிக்கொண்டு போனார். அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ரோட்ரிக்கே வந்து கை குலுக்கினார்.

"நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்று தலைவர் தொடங்கியபோது கிளாரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அந்தக் கதவு 1911-ஐச் சேர்ந்ததில்ல. அதைச் செஞ்சது நம்ம கிளாரிதான். இதை ஒத்துக்கறதுல இந்தக் குழுவுக்கு எந்தக் கூச்சமும் இல்ல."

"ரொம்ப நன்றிங்க" என்றார் கிளாரி.

"1911 கதவுன்னா தேடினா இன்னும் நாலு கிடைக்கும். ஆனா இது? ஒரு சாதாரணத் தொழிலாளி. தன் பட்டறைப் பலகையை எடுத்து, தன் கையால, தன் மனைவிக்காகச் செஞ்ச கதவு! அந்த இயக்கத்தைத் தொடங்கினவங்க கனவு கண்டது இந்த மனுஷனைத்தான். அவங்க பணக்காரங்களுக்குத்தான் வீடு கட்டினாங்க, பாவம். ஆகவே இதை மாநிலப் பட்டியலுக்கே சிபாரிசு பண்றோம். இனிமே இதுக்கு வண்ணம் அடிக்கறதுன்னாக்கூட அமைச்சர் கையெழுத்து வேணும்."

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. கிளாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் எழுந்தார்.

"ஐயா, அந்த மனைவிக்காகத்தான் இப்ப அதை அகலமாக்கணும்னு கேக்கறேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் இமொஜன் மென்மையாக. "படைப்பாளியோட நோக்கம்னு ஒண்ணு இருக்கு கிளாரி. 1971-ல அதைச் செஞ்சவர் இதுக்குச் சம்மதிப்பாரான்னு பாக்கணும்."

"நான்தானம்மா அவரு. சம்மதிக்கறேன்."

"நீங்க இப்ப சம்பந்தப்பட்ட ஆளு. உங்களுக்கு இதுல சொந்த ஆதாயம் இருக்கு. 1971-ல இருந்தவருக்கு அது இல்ல. அவர் சார்பா யாராவது பேசித்தானே ஆகணும்? அதை நாங்க பேசறோம்."

"எழுபத்தொண்ணுல நான் என்ன நெனச்சேன்னு சொல்லட்டுமா? பலகை பத்தலையேன்னு நெனச்சேன். நாலு பலகைதான் கெடச்சுது. அஞ்சு கெடச்சிருந்தா கிட்டத்தட்ட எண்பது வந்திருக்கும்."

ரோட்ரிக் கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா? 'நாலு பலகைதான்.' இல்லாமையோட நேர்மை! இதைக் குறிப்புல சேருங்க."

சேர்த்துக்கொண்டார்கள். மணி அடித்தது.

பதின்மூன்றாவது வாரம் திங்கட்கிழமை நோலாவை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அறை சுத்தமாக இருந்தது. சன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. குளியலறைக் கதவு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், கிளாரி கையால் அளந்து பார்த்தார்.

"சேர்க்கைத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றாள் நோலா.

"போட்டுட்டேன்."

"சரி விடு. சூப்பு இங்கயும் அதேதான்."

அவள் அழுதிருந்தால் அவரும் அழுதிருப்பார். அவள் அழவில்லை. அவர் தினமும் பத்து மணிக்குப் பேருந்து ஏறி இல்லத்துக்குப் போனார், நாலு மணிக்குத் திரும்பினார். கோபம் வரும் என்று சில நாள் எதிர்பார்த்தார். வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு போல உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. வீட்டில் அடுப்பு பற்றவைப்பதை விட்டார். ரொட்டியைச் சுடாமலே தின்றார். சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று தபாலில் வந்தது: 'வாழும் கைவினைஞர் திரு. கிளாரன்ஸ் டக்வெல்.' எங்கே மாட்டுவது என்று கேட்டு எழுதினார். பட்டியலிட்ட சுவர்களில் ஆணி அடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவர் அதைக் கட்டிலின்மேல் வைத்தார். அந்த இடையூறுதான் இப்போது காலியாக இருந்தது.

அடுத்த மே மாதம் பாரம்பரியத் திருவிழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து முதல் நாலு வரை கிளாரியின் வீடு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்று நகராட்சி அறிவித்தது. அவரிடமும் சொன்னார்கள்.

காலை ஏழு மணிக்கே லாரி வந்தது. முன்படிக்கு மேல் இரும்புச் சாய்தளம் போட்டார்கள், இருபுறமும் கைப்பிடியோடு. எலுமிச்சை மரத்தடியில் ஒரு பெரிய வெள்ளைக் கழிப்பறையை இறக்கினார்கள். கதவு அகலம் ஒரு மீட்டர். உள்ளே வெந்நீர்க் குழாய், மடக்கும் இருக்கை, இழுத்தால் மணியடிக்கும் சிவப்புக் கயிறு, எல்லாம் இருந்தன.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் கிளாரி.

"விதி கிளாரி" என்றார் இமொஜன் பெருமையோடு. "பொது நிகழ்ச்சியில உடம்பு முடியாதவங்க ஒருத்தர்கூட ஒதுக்கப்படக் கூடாது. அதுல நாங்க விட்டுக்கொடுக்கவே மாட்டோம்."

"அப்போ வீட்டுல குடியிருக்கறவங்க?"

"அவங்க பொதுமக்கள் இல்லையே."

"இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியுமா?"

"அஞ்சு மணிக்கு லாரி வந்துடும். நிரந்தரமா இருந்தா இது இடையூறு."

மதியம் இரண்டு மணிக்கு ஒரு சின்னப் பேருந்து வந்து நின்றது. முதியோர் இல்லத்திலிருந்து எட்டுப் பேரைச் சுற்றுலா அழைத்து வந்திருந்தார்கள். ஐந்தாவதாக இறக்கப்பட்டது நோலா. நீலக் கம்பளிச் சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். கிளாரிக்கு யாரும் சொல்லவில்லை. அவளே சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள்.

"வீடு பாக்க வந்தேன். நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

சாய்தளத்தில் நாற்காலி சத்தமில்லாமல் ஏறியது. பத்து மாதத்துக்குப் பிறகு நோலா தன் வீட்டுக்குள் வந்தாள். குளியலறைக்கு முன்னால் கூட்டம் நின்றது. கயிறு கட்டி, அதற்கப்பால் கதவுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். நோலா எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கழுதைக்கா இவ்வளவு கூட்டம்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்று யாரோ அதட்டினார்கள்.

பிறகு எலுமிச்சை மரத்தடிக்குப் போய்வந்தாள். "ரொம்ப சௌகரியம் கிளாரி. உள்ள போய் ஒரு சுத்து சுத்தியே வரலாம்." கிளாரி வெந்நீர் போட்டுத் தேநீர் கொண்டுவந்தார். முன்னறை சன்னலோரம், அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் நாற்காலியை நிறுத்தினார். ஈயக் கண்ணாடி வழியாக வெயில் அவள் மடியில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவரும் அவள் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மரத்த இடத்தில் முதல்முறையாக வலித்தது. அந்த வலி போகக் கூடாது என்று நினைத்தார்.

நாலு மணிக்கு வாசலில் வெண்கல மணி அடித்தது. ரோட்ரிக் எண்ணும் கருவியோடு படலருகே நின்றுகொண்டு, வெளியே போகிறவர்களைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி எண்ணினார். பேருந்தில் ஏழு பேரை ஏற்றிவிட்டார்கள். அவர் தன் தாளைப் பார்த்து முகம் சுளித்து, உள்ளே வந்தார்.

"கிளாரி, கணக்கு இடிக்குதே. நூத்தி நாப்பத்தொண்ணு உள்ள வந்திருக்கு, நூத்தி நாப்பதுதான் வெளிய போயிருக்கு. யாரோ ஒருத்தர் தங்கிட்டாங்க." அப்போதுதான் சன்னலோரத்து நாற்காலி அவர் கண்ணில் பட்டது. "அம்மா, நேரமாச்சு. பார்வையாளருங்க நாலு மணிக்கு மேல இருக்கக் கூடாது."

நோலா கண்ணைத் திறந்து கிளாரியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றாள். அவரிடம்தான் சொன்னாள்.

கிளாரி வாயைத் திறந்தார். வெளியே பேருந்துக்காரன் ஒலியெழுப்பினான். அவர் குனிந்து நாற்காலியின் பூட்டைத் தளர்த்தினார். கூடம் தாண்டி, சாய்தளத்தில் பார்த்துப் பார்த்து இறக்கி, மனைவியைப் படலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

ரோட்ரிக்கின் கட்டை விரல் ஒருமுறை அழுந்தியது.

"அப்பாடா, இப்ப சரியாப் போச்சு" என்றார் அவர்.